பதினைந்து டிகிரி ஞாயிறு

மகள் மேசைக்குக் குறுக்கே ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளிவிட்டாள். ‘அது புரூஃப் மாமா நாற்காலி’ என்று அதில் எழுதியிருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்த வீட்டில், தானே கடைகடையாக ஏறி இறங்கிப் பொறுக்கி, கால் ஆடுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு இப்படி ஒரு சீட்டு வந்தது. பின்பக்கம் ஏதாவது சமாதானம் எழுதியிருக்கும் என்று திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் அவளுடைய வேதியியல் வீட்டுப்பாடம் இருந்தது.

“எந்தப் புரூஃப் மாமா?” என்றான்.

மகள் உதட்டின் மேல் விரலை வைத்தாள். அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பத்து மணி தாண்டி நாலு நிமிஷம். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லை.

அவனுக்குக் கடையில் ஆக்சிஸ் என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். சில கண்களுக்கு லென்ஸ் இன்ன கோணத்தில்தான் உட்கார வேண்டும் என்று டாக்டர் சீட்டில் ஓர் எண் எழுதியிருக்கும், அதுதான் ஆக்சிஸ். ஐந்து டிகிரி பிசகினால் தரை சாயும், படிக்கட்டு வழுக்கும், போட்டவருக்குத் தலைவலி வந்து வீட்டில் இருப்பவர்களோடு சண்டை வரும். பதினோரு வருஷத்தில் அவன் கையிலிருந்து ஒரு டிகிரி பிசகிப் போனதில்லை. இந்தப் பெருமை கடையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்தது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, கால் விரற்கடை திருப்பிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். உறவினர் வீடுகளிலும் இதைச் செய்ததால் சில வீடுகளில் அவன் வருகிற அன்று காலண்டரையே கழற்றி வைத்துவிடுவதாகப் பேச்சு.

கடைக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. உலகம் முழுக்க வேலைக்குப் போயிருக்கும் நாளில் அவனுக்கு மட்டும் விடுமுறை. மனைவியும் மகளும் எட்டரைக்குள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் அவனும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும்தான். மெதுவாகச் சவரம் செய்வான். முந்தின நாள் மிச்சத்தைப் பாத்திரத்தோடு நின்றுகொண்டே சாப்பிடுவான். பதினோரு மணிக்கு இரும்புச் சாமான் கடைத் தெருவில் ஒரு நடை. ஆணி, திருகு, கீல் எல்லாவற்றையும் விலை விசாரித்துவிட்டு எதையும் வாங்காமல் வருவான். மத்தியானம் ஜன்னலோரம் படுத்து, எதிர்க் கட்டிடத்தில் காயும் துணிகளை வைத்து அந்தந்த வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போடுவான். இதையெல்லாம் அவன் மகிழ்ச்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை. செவ்வாய் என்பது அவனுக்கு ரயில் போன பிறகு கிடைத்த ஜன்னலோர இருக்கை.

அவன் ஏங்கியதெல்லாம் ஞாயிற்றுக்கு. ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்கு ஒரு முகம் இருக்கும். எதுவோ நடந்து முடிந்து, எல்லோரும் நன்றாகச் சிரித்து ஓய்ந்த மாதிரி ஒரு முகம். மனைவியின் குரலில்கூட ஒரு நெகிழ்வு இருக்கும். பாத்திரத் தொட்டியில் மூன்று டம்ளர் கிடக்கும். இருப்பது இரண்டு பேர், டம்ளர் மூன்று. எதிர் வீட்டுத் துணியை எண்ணுகிற மனிதன் சொந்த வீட்டு டம்ளரை எண்ணினானே தவிர, மகள் இரண்டு தரம் டீ குடிக்கிறாள் என்று முடிவுகட்டி அதோடு விட்டுவிட்டான்.

இந்த நிலையில் கடை முதலாளி வாரம் ஏழு நாளும் கடையைத் திறப்பதென்று தீர்மானித்தார். ஆளுக்கொரு நாள் விடுமுறை. யாருக்கு எந்த நாள் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஆக்சிஸ் பிரித்த சீட்டில் ‘ஞாயிறு’ என்று இருந்தது. கடையே அவன் கையைக் குலுக்கியது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேர் கை குலுக்கவில்லை. அவனுடைய பழைய செவ்வாய், விற்பனைப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த சதுரத்துக்குப் போனது. கடையில் முக வடிவம் பார்த்துத்தான் ஃபிரேம் எடுத்துக் கொடுப்பார்கள்; அந்த வழக்கத்தில் அவருக்குச் சதுரம் என்று பெயர் நின்றுவிட்டது.

இப்படியாகத்தான் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு ஞாயிறு நடக்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் புரூஃப் மாமாவுடையது.

கதவில் ஒரே ஒரு தட்டு. யாரும் போய்த் திறக்கவில்லை; சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு மேல் மாடிக்காரர் வந்தார். அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவர், தனிக்கட்டை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வட்டமான பழைய காலத்து மூக்குக்கண்ணாடி. கையில் ஒரு மெத்தைத் திண்டு. அந்தத் திண்டைப் பார்த்ததும்தான் ஆக்சிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து போகிறவன் விருந்தாளி. சொந்தத் திண்டோடு வருகிறவன் யார்?

அவர் நாற்காலியைப் பார்த்தார், அதில் ஆக்சிஸைப் பார்த்தார், பெரிய மனதோடு கையசைத்து ‘பரவாயில்லை, இருங்க’ என்று காட்டினார். அதாவது அவனுடைய நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். ஆக்சிஸ் எழுந்துகொண்டான்.

விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. அவன் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எவ்வளவு தாமதமாக வரும் என்று ஆறு நாளும் ஊருக்கெல்லாம் சொல்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டை கட்டிக்கொண்டபோது டாக்டர், வாரத்தில் மூன்று மணி நேரமாவது வாயைத் திறக்காதீர்கள் என்றார். அவள் ஞாயிறு பத்திலிருந்து ஒன்று வரை எடுத்துக்கொண்டாள். மகளும் துணைக்குச் சேர்ந்தாள். சும்மா உட்கார முடியாமல் ஆயிரம் துண்டைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா ஒன்று வாங்கினார்கள்; அது முடிந்ததும் அடுத்தது. தண்ணீர் வரவில்லையே என்று கேட்க ஒருநாள் கீழே வந்த பிழை திருத்துபவர், பதிலுக்குக் கிடைத்த சீட்டைப் படித்துவிட்டு, மேசையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினார். அன்றிலிருந்து வருகிறார். இதையெல்லாம் அவள் அந்தக் காலத்திலேயே ஆக்சிஸிடம் சொல்லியிருந்தாள். அவன் அப்போது அவள் தலைக்கு மேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு ‘உம்’ கொட்டியிருந்தான்.

மேசையில் விரித்திருந்த படம் ஓர் ஏரி, ஒரு படகு, பின்னால் மலை. பாதிக்கு மேல் ஆகாயம். மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவன் முன்னால் நகர்த்தி, சீட்டில் எழுதினாள்: ‘உனக்கு ஆகாயம்.’ டப்பா நிறைய ஒரே நீலத்தில் துண்டுகள். மேகம்கூட இல்லாத ஆகாயம். படகு மனைவிக்கு, மலை மகளுக்கு, ஏரிக்கரை மரங்கள் புரூஃப் மாமாவுக்கு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு எந்த அலுவலகத்திலும் இப்படித்தான் கொடுப்பார்கள்.

“இதுல எல்லாம் ஒண்ணு போலவே இருக்கே” என்றான் அவன். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். நூலகத்தில் பட்டாசு வெடித்தவனைப் பார்க்கிற பார்வை. அவன் டப்பாவுக்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த மூன்று மணி நேரத்தில் அவன் இரண்டு துண்டைச் சேர்த்தான். அவை தப்பாகச் சேர்ந்திருந்ததைப் புரூஃப் மாமா பென்சில் நுனியால் தொட்டுக் காட்டினார். ஆனால் அவன் கண் டப்பாவில் இல்லை. இவர்களுக்குள் ஒரு மொழி இருந்தது. மேசையில் இரண்டு தட்டினால் டீ. காதைத் தொட்டால் குழாய் சொட்டுகிறது, போய் மூடு. உள்ளங்கையைக் குப்புறக் கவிழ்த்தால், இந்தத் துண்டு என்னிடம் இல்லை. அவன் மனைவி ஒருமுறை காற்றில் என்னவோ வரைந்து காட்டினாள், புரூஃப் மாமா மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கி அதற்கு ஒரு பதில் காட்டினார், அவள் சிரித்தாள். சத்தமே இல்லாமல், தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு. அந்தத் தோள் குலுங்கலை ஆக்சிஸ் கடைசியாக எப்போது பார்த்தான் என்று யோசித்தான். மகள் அப்போது பிறந்திருக்கவில்லை.

ஒரு மணிக்கு அவள் தொண்டையைச் செருமினாள். “சாப்பிடலாமா” என்றாள், அறிவிப்பு ராகத்தில். பூட்டு திறந்த மாதிரி எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். பேச வேண்டியதெல்லாம் மூன்று மணி நேரமாக நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்த ஆக்சிஸ் ரசம் மட்டும் கேட்டான்.

மறுநாள் கடையில் சதுரம் கேட்டார்: “என்ன ஆக்சிஸ், ஞாயித்துக்கிழமை எப்படி? சும்மா ராஜா மாதிரி இருந்திருப்பீங்களே.”

“ஆகாயத்துல மிதந்தேன்” என்றான்.

புதன்கிழமை சதுரம் தன்னுடைய செவ்வாயைப் பற்றிச் சொன்னார். “வீட்ல ஒரு ஈ காக்கா இல்ல. பத்து மணி வரைக்கும் தூங்கினேன். அப்புறம் சும்மா அந்த இரும்புக் கடைத் தெரு பக்கம் போனேன் பாருங்க, என்னமா பொழுது போச்சு. அங்க ஒருத்தன் கீலுக்கே ஒரு கடை வெச்சிருக்கான். உங்களுக்குத் தெரியுமா?”

ஆக்சிஸ் அப்போது துடைத்துக்கொண்டிருந்த லென்ஸை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தான். அந்தக் கீல் கடையைக் கண்டுபிடித்தவன் அவன். பதினோரு வருஷம் தட்டிக் கொட்டிப் பழக்கிய செவ்வாய், புது ஆளுக்கு முதல் வாரமே வாலாட்டியிருக்கிறது. ஞாயிறும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, செவ்வாயும் கைவிட்டுப் போனது. வாரத்தில் ஏழு நாள் இருந்தும் உட்கார ஒரு நாள் இல்லாதவன் என்று அவனுக்குத் தன்மீதே இரக்கம் பிறந்தது. அந்த இரக்கம் சாயங்காலத்துக்குள் கோபமாகப் பழுத்தது. கோபம் வட்டக் கண்ணாடி போட்டிருந்தது.

இரண்டாவது ஞாயிறு அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தான். அன்றுதான் அந்தச் சைகை அகப்பட்டது. மகள் மலையின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு திண்டாடினாள். மனைவி அவளைத் தொட்டு, ஒரு கண்ணை மூடி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, விரல்களால் காற்றில் எதையோ கொஞ்சமாகத் திருப்பிக் காட்டினாள். மகளுக்கு உதடு துடித்தது. புரூஃப் மாமா குனிந்துகொண்டார். அவருடைய திண்டு குலுங்கியது. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓரக்கண்ணால் ஆக்சிஸைப் பார்த்து, ஒரே நேரத்தில் பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒற்றைக் கண், சாய்ந்த கழுத்து, திருப்பும் விரல். யாருடைய படம் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவன் இல்லாத ஞாயிறுகளில் அவனை வைத்துத்தான் பொழுது போயிருக்கிறது. வெளியாள் ஒருவர், இவன் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு, இவன் பெண்டாட்டியோடும் பெண்ணோடும் சேர்ந்து இவனைக் கிண்டல் செய்து, திண்டு குலுங்கச் சிரித்துவிட்டு மாடி ஏறியிருக்கிறார். வாராவாரம். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தரம் வாங்கிப் போட்டுக்கொண்டும் இறங்கவில்லை.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் உதவுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, மடித்த துண்டுகளின் விளிம்பை நேராக்கினான்.

“அந்தாளு இன்னும் எவ்வளவு நாளைக்கு வருவாரு?”

“எந்தாளு? புரூஃப் சாரா? ஏன், வந்தா என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. வீட்டுக்காரன் ஒருத்தன் இப்ப வீட்ல இருக்கான்னு சொன்னேன்.”

அவள் மடிப்பதை நிறுத்தாமல் அவனைப் பார்த்தாள். “என்னங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை திரும்பக் கிடைக்காதா? அன்னிக்கு நீங்க உங்க பாட்டுக்கு இருப்பீங்க. இங்க உக்காந்து மூணு மணி நேரம் பேசாம இருக்கறது உங்களுக்குத் தண்டனையா இருக்கு. பாக்கவே பாவமா இருக்கு.”

அவள் உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. நான்கு நாட்களாகச் சதுரமும், மனசிருந்தால் ஞாயிறை எனக்குக் கொடுத்துவிட்டுச் செவ்வாயை எடுத்துக்கொள்ளுங்கள், சம்சாரம் பிடுங்குகிறாள், அடுத்த திங்களுக்குள் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சந்தோஷப்பட்டுவிடுவாளோ என்று பயந்தான்.

திங்கட்கிழமை மாலை கதவில் ஒரே ஒரு தட்டு. பேசுகிற நாளாக இருந்ததால் புரூஃப் மாமா வாய் திறந்தார். மெல்லிய குரல்.

“தம்பி, தொந்தரவுக்கு மன்னிக்கணும். கண்ணாடியில திருகு லூஸாயிடுச்சு. வலது லென்ஸ் கழண்டு கழண்டு விழுது. உங்க கையில கொடுத்தா நிம்மதி. வீட்லயும் பாப்பாவும் உங்க கைவேலையப் பத்தி அப்படிச் சொல்வாங்க.”

‘என்ன சொல்வாங்கன்னுதான் பார்த்தேனே’ என்று ஆக்சிஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். வெளியே, “அதுக்கென்ன சார், நாளைக்கே கொண்டாந்துடறேன்” என்றான்.

மறுநாள் செவ்வாய். அவனுடைய செவ்வாய் இரும்புக் கடைத் தெருவில் வேறொருவரோடு நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவன் கடையின் பின்னறையில் அந்த வட்ட ஃபிரேமை விளக்குக்குக் கீழே வைத்தான். சதுரமான ஃபிரேமில் லென்ஸ் தப்பாக உட்காராது, மூலை இடிக்கும். வட்டம் அப்படியில்லை. எந்தக் கோணத்திலும் பேசாமல் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் வட்டத்தைப் பொருத்துகிறவன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவனே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் லென்ஸைத் துடைத்தான். அளவு பார்க்கும் இயந்திரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, சரியான கோணம் நட்டக் குத்தாகத் தொண்ணூறு டிகிரி என்று கண்டுபிடித்து மையால் புள்ளி வைத்தான். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தான். பிறகு பதினைந்து டிகிரி தள்ளி உட்காரவைத்துத் திருகை இறுக்கினான். புள்ளியைத் துடைத்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கை நடுங்கவில்லை என்பது அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஐந்து டிகிரி போதும் என்று தொழில் தெரிந்த எவனும் சொல்வான். பதினைந்து என்பது திண்டுக்காக.

சாயங்காலம் புரூஃப் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் இமைத்தார். “புதுசு மாதிரி இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு, சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே மாடி ஏறினார்.

புதன், வியாழன் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மேல் மாடியில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை ஆக்சிஸ் வேலை முடிந்து வரும்போது அவர் படிக்கட்டில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்கட்டு.

“என்ன சார், இங்க உக்காந்திருக்கீங்க?”

“சும்மாதான் தம்பி. படி எங்க முடியுதுன்னு கொஞ்சம் நிதானம் பண்ணிட்டு இருக்கேன்.” சிரித்தார். “நாலு நாளா வரியெல்லாம் சாயுது. தலையும் விண்ணு விண்ணுனு தெறிக்குது. நேத்து ஒரு முழுப் பக்கத்துல பிழைய விட்டுட்டேன். முப்பது வருஷத்துல நடந்ததில்ல. முதலாளி ஒண்ணும் சொல்லல. பெரிய மனுஷன். ஆனா எனக்குத் தெரியுதே.”

“டாக்டரப் பாத்தீங்களா?”

“டாக்டர் என்ன சொல்வார்? கண்ணுக்கு வயசாயிடுச்சும்பார். கண்ணாடிமேல பழி போடலாம்னா அதுவும் உங்க கையில போயிட்டு வந்தது.” தாள்கட்டை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. “நாளையோட ஜிக்சாவையும் நிறுத்திக்கலாம்னு இருக்கேன் தம்பி. மரம் எது, மரத்தோட நிழல் எதுன்னே பிடிபடல. நீங்களும் இப்ப வீட்ல இருக்கீங்க. பாப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

அப்படியானால் நாற்காலி காலி. கேட்காமலே கிடைத்தது. ஆக்சிஸ் அவர் கையைப் பிடித்து மேல் மாடி வரை ஏற்றிவிட்டான். கீழே இறங்கி வந்து, தன் வீட்டுக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றான். சந்தோஷம் வரும் வரை நிற்கலாம் என்று நினைத்தான். கால் வலித்தது, உள்ளே போனான். காலண்டர் சாய்ந்திருந்தது. அதை அவன் தொடவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு ஒரே ஒரு தட்டு. திண்டு இல்லாமல் வந்தார்.

படகு முடிந்துவிட்டிருந்தது. மலையில் ஒரு சரிவுதான் பாக்கி. ஆகாயம் மட்டும் ஆக்சிஸின் மேற்பார்வையில் அப்படியே ஓட்டையாகக் கிடந்தது. புரூஃப் மாமா மரத்துண்டு ஒன்றை எடுத்தார். ஓரிடத்தில் வைத்தார், உட்காரவில்லை. அடுத்த இடம். அதுவும் இல்லை. துண்டைக் கிட்டத்தில் கொண்டுபோய், இடது கண்ணை இறுக மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் எதையும் கவனிக்காமல் மறுபடி கண்ணை மூடி, மறுபடி சாய்ந்தார். அவர் வேடிக்கை காட்டுகிறார் என்று அவர்கள் இன்னும் சிரித்தார்கள். தலையைச் சாய்த்தால் கண்ணாடியும் கூடவே சாயும், பதினைந்து டிகிரி அப்படியேதான் இருக்கும் என்பது அந்த அறையில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

ஆக்சிஸ் ஒரு சீட்டை எடுத்தான். மகளிடம் தள்ளினான்: ‘அந்த ஒத்தக் கண்ணு, அது என்ன? என்னைக் கிண்டல் பண்றதா?’

அவள் படித்து, இதுகூடத் தெரியாதா என்பது போல அவனைப் பார்த்துவிட்டு எழுதினாள். ‘கிண்டல் கொஞ்சம்தான். அது நீதான்ப்பா. துண்டு உக்காரலைன்னா, அப்பா மாதிரி திருப்பிப் பாருன்னு அர்த்தம். அம்மா கண்டுபிடிச்சது. ரெண்டு வருஷமா அப்படித்தான் போடறோம். பாதி படம் நீ போட்டதுதான்.’

அவன் அதை இரண்டு தரம் படித்தான். மேசையைப் பார்த்தான். படகு, சரிவு, கரை. இரண்டு வருஷ ஞாயிறுகள். கடையின் பின்னறையில் குனிந்திருந்த நேரத்திலெல்லாம் அவன் இங்கேயும் இருந்திருக்கிறான். அவனுக்குத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அல்லது சொன்னபோது அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தானா?

எதிரே புரூஃப் மாமா மூன்றாவது தடவையாக அவனைப் போலக் கண்ணை மூடிச் சாய்ந்து, துண்டைத் திருப்பி, முடியாமல், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆக்சிஸ் இன்னொரு சீட்டில் இரண்டே வார்த்தை எழுதினான். எழுதிய பிறகு அதை யாரிடமும் தள்ளவில்லை. எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் வைத்தான். வைத்த கையோடு அவர் முகத்திலிருந்து கண்ணாடியை மெல்லக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் சின்னதாக இருந்தது. சீட்டைப் பார்த்தார், படிக்க முடியாமல் அதை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு அவன் ஜன்னலோரம் போனான். திருகை நெகிழ்த்தினான். இயந்திரம் இல்லை, மைப்புள்ளி இல்லை. ஜன்னல் கம்பி ஒன்றுதான் நேர்க்கோடு. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, லென்ஸுக்குள் அந்தக் கம்பி ஒடியாமல் ஒரே கம்பியாக நிற்கும் வரை இம்மி இம்மியாகத் திருப்பினான். முதுகுக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. திருகை இறுக்கினான்.

புரூஃப் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இமைத்தார். மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மூலையில் சாய்ந்து தொங்கிய காலண்டரைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பிறகு குனிந்து சீட்டைப் படித்தார்: ‘வேணும்னே செஞ்சேன்.’ இரண்டு வார்த்தைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. முப்பது வருஷம் வரிவரியாகப் படித்தவர். இரண்டு தரம் படித்தார் போலிருக்கிறது. பிறகு ஆக்சிஸை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. அதற்கு அவர்களுடைய மொழியில் சைகை இருந்திருந்தாலும் அவன் இன்னும் அதைக் கற்றிருக்கவில்லை.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திருப்புளியைப் பார்த்தாள். ஒரு மணியாக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள், உள்ளங்கையை மேலே திருப்பி. அந்தச் சீட்டைக் கொடு.

ஆக்சிஸ் திருப்புளியைக் கைக்குள் மறைத்தான்.

புரூஃப் மாமா சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். பிறகு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கைவிட்டு, ஒரே நீலமாக இருந்தவற்றில் நிதானமாகத் தேடி ஒன்றை எடுத்து, அவளுடைய நீட்டிய கையில் வைத்தார். அவள் அந்த ஆகாயத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பார்வையை அவனிடமிருந்து எடுக்காமலே ஒரு கண்ணை மூடி, கழுத்தை மெல்லச் சாய்த்தாள்.